லூப்பைத் துரத்தும் டிரம்மர்: ‘மிரர்ட்’ பற்றி வாசகர் கேள்விகள்

நியூயார்க்கின் பேட்டில்ஸ் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பமான ‘மிரர்ட்’ பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தோம். அதில் இந்த நால்வர் குழுவை ‘சூப்பர்குரூப்’ என்றும், இசையை ‘கணித ராக்’ (தாளக் கணக்கைச் சிக்கலாக்கி வாசிக்கும் ராக்) என்றும் சொல்லியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன.

சூப்பர்குரூப் என்றால் பெரிய நட்சத்திரங்கள் ஒன்றுசேர்ந்தது என்று நினைத்திருந்தேன். இந்த நாலு பேரில் ஒருவர் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லையே?
– கோவை வாசகர்

கேள்விப்படாததில் வியப்பில்லை. இவர்கள் ஸ்டேடியத்தை நிரப்பியவர்கள் அல்ல. வாசிக்கிறவர்கள் கூடிப் பேசும் இடங்களில் பேர் வாங்கியவர்கள். டிரம்ஸ் ஜான் ஸ்டேனியர்: 90களில் ஹெல்மெட் என்ற நியூயார்க் குழுவில் அடித்தவர், பிறகு டொமஹாக் குழுவுக்குப் போனவர். கிட்டாரும் கீபோர்டும் இயன் வில்லியம்ஸ்: பிட்ஸ்பர்கின் டான் கபலெரோவில் இருந்தவர். கிட்டாரும் பேஸும் டேவ் கோனோப்கா: லிங்க்ஸ் குழுவிலிருந்து வந்தவர். குரல், கிட்டார், கீபோர்டு மூன்றும் டையொண்டை பிராக்ஸ்டன். ஒற்றை ஆளாக மேடையில் உட்கார்ந்து குரலையும் கருவியையும் அடுக்கடுக்காகப் பதிந்து வாசித்தவர் அவர்; ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஆந்தனி பிராக்ஸ்டனின் மகன்.

2002இல் நியூயார்க்கில் கூடினார்கள். 2004இல் சில இபிக்கள் (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு வெளியீடுகள்) வந்தன. ‘மிரர்ட்’ 2007 மே மாதம் வார்ப் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. ரோட் ஐலண்டின் பாவ்டக்கெட் ஊரில் உள்ள மெஷின்ஸ் வித் மேக்னட்ஸ் ஸ்டுடியோவில் பதிவானது. 11 உருப்படிகள், 52 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வார்ப், மின்னணு இசைக்குப் பேர்போன பிரிட்டிஷ் நிறுவனம். ராக் குழுவுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

பெரிய கைகள் கூடினால் ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம் கேட்பார்கள். சூப்பர்குரூப்களின் பழைய வியாதி அது. இங்கே அது கிடையாது. ஒருவர் நாலு ஸ்வரத்தை லூப்பில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்க விடும் சுற்று) சுற்ற விட்டுவிட்டால், மற்ற மூவரும் அதற்குள் இடம் தேடித்தான் வாசித்தாக வேண்டும்.

‘கணித ராக்’ என்று படித்துவிட்டு ஆல்பத்தின் ‘அட்லஸ்’ பாட்டை எண்ணிப் பார்த்தேன். சாதாரண நாலு எண்ணிக்கைதான் வருகிறது. என் எண்ணிக்கை தப்பா?
– திருச்சி வாசகர்

தப்பில்லை. நாலேதான். ஆனால் ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் போய்ப் பாருங்கள்: இரண்டாகவோ நாலாகவோ பிரியாமல் மூன்றாகப் பிரிகிறது. அந்த நாலை இரண்டு தரம் எண்ணினால் நம் கணக்கில் ஆதி தாளம், திஸ்ர நடை. ‘தகிட’வில் நடு எழுத்தை விழுங்கிவிட்டு ‘த – ட’ என்று மட்டும் சொல்லிக்கொண்டே காலைத் தட்டுங்கள். அந்த நொண்டி நடை வந்துவிடும். இதற்கு ஷஃபில் என்று பேர். ஜெர்மனியின் கொலோன் நகரத்து டெக்னோக்காரர்கள் இதை ‘ஷாஃபல்’ என்று நடனக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். ‘அட்லஸ்’ அந்த வீட்டுக்கு நெருங்கிய சொந்தம்.

வாசிக்கிறவர்களுக்கு அளவு சொல்கிறோம். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகம் என்றால் ஓர் எண்ணிக்கை 500 மில்லி விநாடி. ஷஃபிலில் முதல் அடிக்கு 333, இரண்டாவதுக்கு 167. டிரம் மெஷினில் ஸ்விங் (எண்ணிக்கையில் முதல் அடியின் பங்கு) 50 சதவீதம் என்றால் நேர் நடை, 66 அல்லது 67 என்றால் சரியான ஷஃபில். புதிதாக அடிக்கிறவர்கள் 75க்குப் போய்விடுவார்கள், அதாவது 375க்கு 125. அங்கே நொண்டி நடை குதிரை ஓட்டமாகிவிடும். காரணம் எளிது: மூன்றாகப் பிரிக்காமல் நாலாகப் பிரித்து, கடைசிக் கால்பங்கில் இரண்டாவது அடியை அடிக்கிறார்கள். வாயால் ‘தகிட’ சொல்லாமல் கையை மட்டும் பழக்கினால் இந்தப் பிழை போகாது.

‘கணித ராக்’ என்ற பேரைப் பற்றி ஒரு வார்த்தை. டான் கபலெரோவுக்கு ஒட்டிய சீட்டு இது, வில்லியம்ஸோடு கூடவே வந்துவிட்டது. இந்த ஆல்பத்தில் கணக்கு இருக்கிறது. ஆனால் 7, 11 என்று தாளத்தை மாற்றி மிரட்டும் கணக்கு அதிகம் இல்லை. கூடுதல் வேலை நடப்பது வெவ்வேறு நீளமுள்ள சொற்கட்டுகள் ஒரே நேரத்தில் சுற்றுவதில். 4 எண்ணிக்கைச் சுற்றும் 3 எண்ணிக்கைச் சுற்றும் ஒன்றாகத் தொடங்கினால் 12இல்தான் மறுபடி சேரும். 4ம் 5ம் என்றால் 20, 4ம் 7ம் என்றால் 28. கோர்வை சமத்தில் வந்து விழும்போது சபையில் தலைகள் ஆடுமே, அதே சுகம்தான்.

பாடுவது குழந்தையா, பொம்மையா? என்ன மொழி?
– புதுச்சேரி வாசகர்

பிராக்ஸ்டனின் குரல்தான், மொழி ஆங்கிலம்தான். குரலை சுருதி மாற்றியில் போட்டு மேலே ஏற்றியிருக்கிறார்கள். வரிகள் உண்டு. ஆனால் முதல் தடவையிலேயே புரிய வேண்டும் என்பது நோக்கமாகத் தெரியவில்லை. குரலும் இன்னொரு கருவி, அவ்வளவுதான்.

வீட்டில் முயல: சுருதி மாற்றியை 12 அரைச்சுரம் மேலே வையுங்கள், 220 ஹெர்ட்ஸில் பாடியது 440இல் ஒலிக்கும். ‘ஃபார்மன்ட்’ திருத்தம் என்று ஒரு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது வாய்க்குழியின் இயல்பான அளவைக் காப்பாற்றுகிற வசதி. அதை விட்டுவைத்தால் உச்சஸ்தாயியில் பாடும் பெரியவர் குரலாக வரும், பொம்மைக் குரல் வராது. அடுத்த சிக்கல் டிரம்ஸ் சத்தம். இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஒற்றைச் சுரத்தைத்தான் சரியாகக் கண்டுபிடிக்கும். மைக்கில் சிம்பல் கலந்தால் குழம்பிப்போய்க் கரகரக்கும். டைனமிக் மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரற்கடைத் தூரத்தில் பிடியுங்கள், அதன் பின்னால் நாய்ஸ் கேட் (சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடும் கருவி) போடுங்கள். மெய்யெழுத்துகளைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். மேலே ஏற்றும்போது முதலில் தேய்வது அவைதான்.

நாங்கள் மூன்று பேர். லூப் பெடல் வாங்கி இந்தப் பாணியில் முயல்கிறோம். முதல் நிமிடம் பிரமாதம். மூன்றாவது நிமிடத்தில் டிரம்மும் லூப்பும் தனித்தனி ஊருக்குப் போய்விடுகின்றன. டிரம்மர் மேல் பழி போடலாமா?
– மதுரை வாசகர்

வேண்டாம். பெரும்பாலும் குற்றம் கிட்டார்காரரின் காலில் இருக்கும்.

120 வேகத்தில் நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு பார் 2 விநாடி. நாலு பார் 8 விநாடி. லூப்பை மூடும் மிதியை 30 மில்லி விநாடி தாமதமாக அழுத்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காதுக்குத் தெரியாது. ஆனால் இப்போது உங்கள் லூப் 8.03 விநாடி. ஒவ்வொரு சுற்றுக்கும் 30 மில்லி விநாடி பின்தங்கும்; 16 சுற்று முடிந்தால் 480. கிட்டத்தட்ட ஓர் எண்ணிக்கை முழுதாகப் போயிற்று! டிரம்மர் மெட்ரோனோம் போலச் சரியாக அடிக்க அடிக்க, விரிசல் அதிகமாகும்.

திருத்தும் வழி. மிதியை ‘கடைசிச் சுரம் முடிந்ததும்’ அழுத்தாதீர்கள். அடுத்த பாரின் சமத்தில் அழுத்துங்கள்; தொடங்கும்போதும் அப்படியே. காலும் கையும் ஒன்றாக விழ வேண்டும். பதியும் முன் இரண்டு பார் சும்மா வாசித்து, மூன்றாவதில் பதியுங்கள். வெறுமையிலிருந்து தொடங்கினால் முதல் சுரம் எப்போதும் அவசரமாகத்தான் வரும்.

அடுத்தது, யார் யாரைப் பின்பற்றுவது என்பது. லூப்புக்குக் காது கிடையாது. அது யாரையும் கேட்காது. ஆகவே மேடையில் ஸ்டேனியர்தான் லூப்பைத் துரத்துகிறார். ஹெல்மெட் காலத்து இரும்பு அடியை அவர் கைவிடவில்லை, ஆனால் கடிவாளம் இயந்திரத்தின் கையில். மனிதன் இயந்திரத்தைத் துரத்தும் அந்த இழுபறிதான் இந்த ஆல்பத்தின் உயிர் என்பது நம் கட்சி. டிரம்மரின் மானிட்டரில் (மேடையில் அவர் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கர்) லூப் மற்ற எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்க வேண்டும். முடிந்தால் காதுக்குள் போடும் மானிட்டர் கொடுங்கள். முதல் லூப் கூர்மையான தொடக்கம் உள்ளதாக இருக்கட்டும்: உள்ளங்கையால் தந்தியை அமுக்கி மீட்டிய ‘டக் டக்’ ஒலி. மெதுவாக மலரும் கீபோர்டு ஒலியை முதல் லூப்பாகப் போட்டால், எங்கே சமம் என்று எந்த டிரம்மராலும் சொல்ல முடியாது.

இரண்டு பேர் ஆளுக்கொரு லூப்பர் வைத்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு. இரண்டும் ஒன்றையொன்று அறியாது. மிடி கடிகாரத்தால் (கருவிகளை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் மின்குறி) இணைக்க வேண்டும். விலை குறைந்த ஒற்றை மிதி லூப்பர்களில் பெரும்பாலும் மிடி இருக்காது, வாங்கும்போதே பாருங்கள். ‘மிரர்ட்’ காலத்தில் இவர்கள் நம்பியது கிப்சனின் எக்கோப்ளெக்ஸ் டிஜிட்டல் ப்ரோ என்ற ரேக் கருவி. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. மிடி ஒத்திசைவு, சுற்றுநீளத்தைப் பாருக்குச் சரிசெய்யும் குவான்டைஸ், லூப்பைத் தலையிலிருந்து மீண்டும் தொடங்கும் ரீட்ரிகர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். விலகிவிட்டால் பாட்டை நிறுத்தாமல் காப்பாற்றுவது ரீட்ரிகர்தான்.

பெடல் வரிசையையும் கவனியுங்கள். டிஸ்டார்ஷன் முன்னால், லூப்பர் பின்னால். மாற்றிப் போட்டால் நாலு அடுக்கும் சேர்ந்து ஒரே டிஸ்டார்ஷனுக்குள் நுழையும். தனித்தனிச் சுரங்கள் போய்க் கூழ்தான் மிஞ்சும். ஆம்ப்பின் டிஸ்டார்ஷனையே பயன்படுத்துகிறவர்கள் லூப்பரை ஆம்ப்பின் பின்புறம் உள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில் (பேர்தான் லூப், பெடல் செருகும் துளைகள்) செருகுங்கள். மேலே சேர்க்கும் அடுக்குகளில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்; அடித்தளம் பேஸுக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. ஃபீட்பேக் குமிழ் இருந்தால் 100இல் வைக்காமல் 90, 95இல் வையுங்கள். பழைய அடுக்கு தானாகத் தேய்ந்து புதியதற்கு இடம் விடும்.

ஸ்டேனியரின் சிம்பல் ஏன் அவ்வளவு உயரத்தில்? விளம்பரமா?
– சேலம் வாசகர்

பார்வைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயன் வேறு. உட்கார்ந்தபடி கையைத் தலைக்கு மேல் நீட்டி எழும்பினால்தான் எட்டும். அதனால் பழக்கதோஷத்தில் பார் தோறும் ‘ஜிங்’ என்று அடிக்க முடியாது. முடிவெடுத்துத்தான் அடிக்க வேண்டும். மிச்ச டிரம் செட்டும் சிக்கனமானது. சிம்பல் மழை இல்லாததால்தான் லூப்புகளின் மேல்சுருதி தெளிவாகக் கேட்கிறது. உங்கள் குழுவில் டிரம்மரிடம் ஒரே ஒரு கிராஷ் சிம்பலை மட்டும் விட்டுவிட்டு ஒரு வாரம் பயிற்சி செய்யுங்கள். சண்டை வரும், ஒலி தெளியும்.

ஒரே ஆள் இடது கையில் கிட்டார், வலது கையில் கீபோர்டு வாசிக்க முடியுமா?
– வேலூர் வாசகர்

வில்லியம்ஸ் செய்வது அதுதான். மீட்டுவதில்லை, இடக்கை விரல்களால் ஃப்ரெட்டில் தந்தியைச் சுத்தியல் போல அடித்துச் சுரம் எழுப்புகிறார். 9 அல்லது 10 அளவு மெல்லிய தந்தி, தாழ்ந்த ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்), சுரங்களைச் சமப்படுத்த ஒரு கம்ப்ரஸர் வேண்டும். திறந்த தந்திகள் கூடவே அதிர்வதுதான் தொல்லை. முதல் ஃப்ரெட் பக்கத்தில் தலைமுடி கட்டும் துணி ரப்பர்பேண்டை மாட்டுங்கள், அடங்கிவிடும். இறுக்கிவிட்டால் சுருதி ஏறும்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?
– நெல்லை வாசகர்

‘அட்லஸ்’, பிறகு ‘டோன்டோ’. ‘டோன்டோ’வின் கடைசிப் பகுதியில் எல்லாம் சேர்ந்து படிப்படியாக மந்தமாவதைக் கவனியுங்கள். (இதை லூப் பெடலில் செய்யப் பார்க்காதீர்கள்; சாதாரண லூப்பரில் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். லூப்பை நிறுத்திவிட்டுக் கையால் வாசியுங்கள்.) ‘ரெயின்போ’ 8 நிமிடம், நடுவில் பொறுமை வேண்டும். ‘பிரிஸ்மிஸம்’ ஒரு நிமிடம்கூட இல்லை, தாண்டிப் போனாலும் குடி முழுகாது. ‘ரேஸ்: இன்’, ‘ரேஸ்: அவுட்’ இரண்டும் முன்வாசலும் பின்வாசலும். வரிசையாகக் கேட்கும் நாளில்தான் அவற்றின் அருமை தெரியும்.

அடுத்த ஆல்பங்களும் இப்படியேவா?
– ஈரோடு வாசகர்

இல்லை. 2010இல் பிராக்ஸ்டன் விலகினார். 2011இன் ‘கிளாஸ் ட்ராப்’பில் விருந்தினர்கள் பாடினார்கள், பிரிட்டிஷ் பாடகர் கேரி நியூமன் உட்பட. 2015இன் ‘லா டி டா டி’ குரலே இல்லாதது. பிறகு கோனோப்காவும் போய், 2019இன் ‘ஜூஸ் பி கிரிப்ட்ஸ்’ மிஞ்சிய வில்லியம்ஸும் ஸ்டேனியரும் விருந்தினர்களோடு செய்தது. அந்தப் பொம்மைக் குரல் வேண்டுமென்றால் ‘மிரர்ட்’டுக்கே திரும்பி வர வேண்டும்.

லூப் அடுக்க அடுக்க ‘ஊம்ம்’ என்று இரைச்சல் கூடுகிறது. பெடல் பழுதா?
– தஞ்சை வாசகர்

பழுதில்லை. ஒவ்வொரு அடுக்கிலும் கிட்டாரின் இரைச்சலும் சேர்ந்து பதிவாகிறது. முதலில் ப்ளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரில் சங்கிலி போட்டிருந்தால் தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளைக்கு மாறுங்கள். லூப்பருக்கு முன்னால் நாய்ஸ் கேட் வையுங்கள். பின்னால் வைத்தால் பதிவான இரைச்சல் பெடலுக்குள்ளேயே இருந்துகொண்டிருக்கும். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் பதிந்து பாருங்கள்.