சங்கத்துக்குக் கரியமில வாயுக் கணக்கு: கேள்வி பதில்

கோவையில் எரிசக்தித் தணிக்கை செய்யறவன். தொழில்முறைச் சங்கங்களோட கார்பன் கணக்கு, அதாவது அவங்களால எவ்வளவு கரியமில வாயு வெளியேறுதுங்கிற கணக்கு பத்திக் கேளுங்க. சோலார் பேனல் விலை மட்டும் வேண்டாம்.

ஈரோடு: எங்க பொறியாளர் சங்கம் 2030-க்குள்ள ‘கார்பன் நியூட்ரல்’னு தீர்மானம் போட்டிருச்சுங்க. எங்கிருந்து தொடங்க? ஆபீசுக்கு மாசம் 600 யூனிட். போன மாநாட்டுக்கு 180 கார்.

பதில்: தாலி கட்டிட்டுப் பொண்ணு பார்க்கப் போறீங்க. கார்பன் நியூட்ரல்னா வெளியேற்றத்தைக் குறைச்சு, மிச்சத்தை ஈடுகட்டிச் சுழியாக்கறது. அதுக்கு முதல்ல ஒரு அடிப்படை வருஷத்தை எடுத்து எண்ணுங்க. வருஷத்துக்கு 7,200 யூனிட். நம்ம கிரிட் (பொது மின்வலை) மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, ஆக 5 டன். இது ஸ்கோப் 2, அதாவது காசு கொடுத்து வாங்கற மின்சாரத்தோட கணக்கு.

இப்ப மாநாடு. கரூர், தாராபுரம், பொள்ளாச்சின்னு காருக்குப் போக வர 150 கிலோமீட்டர் வைங்க. 10 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ. 180 காருக்கு 4 டன் தாண்டுது. வருஷம் பூரா ஆபீஸ் இழுத்த கரன்டும் ரெண்டு நாள் மாநாடும் ஏறக்குறைய ஒண்ணு! உங்க வேலைக்காக மத்தவங்க வண்டியில வெளியேறற இந்த மாதிரிக் கணக்குதான் ஸ்கோப் 3. அதை விட்டுட்டு எல்இடி மாத்தினதைப் பக்கம் பக்கமா எழுதாதீங்க. உங்க ஊர்ல பெரிய ரயில்வே ஜங்ஷனே இருக்கு. மண்டபத்தை அதுக்குப் பக்கத்துல பிடிங்க.

பல்லடம்: ஆயிரம் மரக்கன்னு நட்டாப் போதுமாங்க?

பதில்: போதாது. நட்டவங்க, எத்தனை பிழைச்சிருக்குன்னு வைகாசியில போய்ப் பார்த்தீங்களா?

திருப்பூர்: ஐரோப்பா இறக்குமதிக்குப் போடற எல்லைக் கார்பன் வரி பனியனுக்கும் உண்டா?

பதில்: இப்போதைக்கு இல்லை. சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன், அவ்வளவுதான். பையர் கேட்கிற படிவம் வேற சமாச்சாரம்.

உடுமலை: எங்க தலைவருக்குக் காற்றாலை இருக்கு. அதைக் காட்டிச் சங்கத்து ஸ்கோப் 2-ஐ சுழியாக்கலாமுங்களா?

பதில்: முடியாதுங்க. அந்தக் கரன்ட் அவர் மில்லுக்குப் போகுது, அங்கே கழிச்சாச்சு.

உடுமலை (மறுபடி): பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எல்லாருக்கும் பொதுதானுங்களே?

பதில்: காத்து பொதுதானுங்க, மீட்டர் அவரோடது. அவர் மின்வாரியத்துக்கு வித்திருந்தா அது கிரிட் சராசரியில ஏற்கெனவே கலந்தாச்சு. பசுமைச் சான்றிதழா (இது புதுப்பிக்கத்தக்க மின்சாரம்னு காட்டற பத்திரம்) வித்திருந்தா வாங்கினவன் சொத்து. ஒரே யூனிட்டை ரெண்டு பேர் கழிக்கக் கூடாது. அதனாலதான் 2015-ல வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி கிரிட் சராசரிப்படி ஒரு எண், மின்சாரம் வாங்கின ஒப்பந்தப்படி ஒரு எண்ணுன்னு ரெண்டையும் போடச் சொல்லுது.

உடுமலை: தலைவர் கோவிச்சுக்குவாருங்க.

பதில்: தணிக்கைக்காரன் சொன்னான்னு என் தலையில போடுங்க.

கோபி: மரம் நட்டு…

பதில்: பல்லடத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

நாமக்கல்: நாடே கார்பன் கணக்கைச் சுழியாக்க 2070-னு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுல சொல்லியிருக்கு. நமக்கென்ன அவசரம்?

பதில்: நாட்டுக்கு அனல் மின் நிலையம் இருக்கு, உங்களுக்கு ஒரு மாடிக் கட்டடம்.

கோவை: ஆபீஸ் கணக்குல எல்லாரும் எதை விடறாங்க?

பதில்: ஏசி கேஸ். ஆர்-410ஏ ஒரு கிலோ கசிஞ்சா 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், ஈரோட்டு மாநாட்டுல பாதி. எங்க சங்கத்துக் கணக்குல முதல் வருஷம் நானே விட்டேன். மெக்கானிக் பில்லுல ‘கேஸ் சார்ஜிங்’னு மட்டும் இருந்துச்சு, எத்தனை கிலோன்னு இல்லை. அடுத்த தடவை சிலிண்டரைத் தராசுல வைக்கச் சொல்லி, எடையைப் பில்லுலயே எழுதி வாங்குங்க.