மகளுக்கு நிலவியல் இடம் கிடைத்திருக்கிறது. இபிஎஃப் பணத்தைத் தொடலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் செந்தூலில் குடியிருக்கிறோம். கணவர் லோரி ஓட்டுநர், மாதம் 3,200 வெள்ளி வாங்குகிறார். நான் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை செய்கிறேன், 1,700 வெள்ளி. வீட்டுச் செலவு மாதம் 3,500ஐத் தொட்டுவிடும். எஸ்டிபிஎம் முடித்த எங்கள் இளைய மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் இளங்கலை படிக்க இடம் கிடைத்துள்ளது. அவளுக்கு ஒரே சந்தோஷம். என் அண்ணனோ, “கல்லைப் படித்து என்ன செய்யப் போகிறாள்? தனியார் கல்லூரியில் கணக்கியல் சேருங்கள்” என்கிறார். அங்கே மொத்தம் 60,000 வெள்ளி ஆகுமாம். வங்கியில் 22,000 வெள்ளி இருக்கிறது. கணவரின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் 96,000 வெள்ளியும், என் தாயார் கொடுத்த 12 பவுன் நகையும் உண்டு. எந்தப் படிப்பானாலும் கடன் வாங்காமல் படிக்க வைக்க வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக இருக்கிறார். இபிஎஃப் பணத்தை எடுக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா? பெண் பிள்ளை காடு மேடு அலையும் படிப்பைப் படிக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, மகளை நிலவியலில் சேருங்கள். இபிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள், நகையையும் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள். கல்விக் கடன் வாங்குங்கள். கணவருக்கு இது கசக்கும் என்று தெரியும். ஆனாலும் இந்தக் கடனை வாங்கத்தான் வேண்டும் என்கிறேன்.

முதலில் அண்ணன் கேட்டதற்குப் பதில். கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். பத்துமலையில் நாம் அண்ணாந்து பார்க்கும் அதே வகைக் கல்தான். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகைகளை உண்டாக்கிவிடும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களைக் கட்ட முதலில் தேர்ந்தெடுத்த இடத்தின் கீழே இந்தக் கல் அரித்துக் கிடந்ததால்தான் கோபுரங்களை ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். அடித்தளத் தூண்கள் நூறு மீட்டருக்கும் கீழே போகின்றன. கல் அரித்துக் கிடந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னது துளையிட்டு எடுத்த கல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்தால் அண்ணன் மனம் மாறக்கூடும். துளையிடும் இயந்திரம் உருளை உருளையாகக் கல்லை மேலே எடுத்துவரும். அதை நீண்ட பெட்டிகளில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். நிலவியலாளர் தண்ணீர் தெளித்துச் சேற்றைக் கழுவிவிட்டு, அளவு நாடாவோடு குனிந்து ஒவ்வொரு துண்டாக அளப்பார். 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளை மட்டும் கூட்டி, துளையிட்ட நீளத்தில் அது எத்தனை விழுக்காடு என்று எழுதுவார். பாறை உறுதியானதா, நொறுங்கியதா என்பதற்கு அந்த எண் ஓர் அளவுகோல். சில சமயம் துளைக்கும் கம்பி எதிர்ப்பே இல்லாமல் சட்டென்று ஒரு மீட்டர் கீழே இறங்கிவிடும். அப்படியென்றால் அங்கே குகை. ஆழத்தைக் குறித்து உடனே பொறியாளரிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

இது மாடிக் கட்டடங்களோடு முடிகிற வேலையும் இல்லை. 1993 டிசம்பரில் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் பத்தாங்காலி முகாமில் நிலச்சரிவு 31 பேரைக் கொண்டுபோனது. 2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கியபோது, அந்தத் தெருவில் சேலை வாங்கப் போகிற நம் பெண்கள் எல்லாரும் ஒரு கணம் நின்று காலடியைப் பார்த்திருப்பார்கள். மலைச்சரிவில் வீடு கட்டும் ஒவ்வொரு திட்டத்துக்கும் நிலத்தை ஆராய்ந்து கையெழுத்திட ஆள் வேண்டும். 2008ஆம் ஆண்டின் நிலவியலாளர் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்களே அந்தத் தொழிலைச் செய்ய முடியும். அரசின் கனிம, புவி அறிவியல் துறை இருக்கிறது. கல்லுடைப்பு நிறுவனங்கள், நிலத்தடி நீர் நிறுவனங்கள், பகாங்கின் தங்கச் சுரங்கங்கள், எண்ணெய் நிறுவனங்கள் எல்லாம் இருக்கின்றன.

ஆனால் அண்ணனின் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைத்தால் நான் ஆலோசனை சொல்லத் தகுதியில்லாதவன். இந்தத் தொழிலில் வேலை ஏறி இறங்கும். 1985 அக்டோபரில் வெள்ளீயச் சந்தை குலைந்தபோது கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பேராக்கில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 2014 நடுவில் ஒரு பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் முப்பது டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டு பட்டம் வாங்கிய பிள்ளைகள் எண்ணெய் நிறுவன வேலையை மட்டும் எதிர்பார்த்திருந்தால் எப்படித் தவித்திருப்பார்கள்! உங்கள் மகள் எந்த ஆண்டில் வெளியே வருவாள், அப்போது சந்தை எப்படியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே உங்களுக்குப் பணம் மிகவும் தேவைப்படப்போவது சேரும் நாளில் இல்லை. கடைசி ஆண்டுக் களப்பணியின்போதும், பட்டம் வாங்கி முதல் வேலைக்காகக் காத்திருக்கும் மாதங்களிலும்தான். கையில் உள்ளதை எல்லாம் இப்போதே கட்டணமாகக் கட்டிவிட்டு “கடனில்லை” என்று நிம்மதியாக இருந்தால், நான்கு ஆண்டு கழித்து அவள் கிடைத்த முதல் கடை வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். படித்த படிப்பு அதோடு போய்விடும்.

இனிக் கணக்கு. பொதுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் பெரும்பங்கை அரசே ஏற்பதால், பிடிபிடிஎன் (தேசிய உயர்கல்வி நிதி) கடனில் கட்டணம் போகச் செலவுக்கும் கொஞ்சம் மிஞ்சும். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தொகையை முடிவு செய்வார்கள். நான்கு ஆண்டுகளில் மொத்தம் 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதன் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு, அதாவது 200 வெள்ளி. பத்தாண்டு இழுத்தாலும் 2,000 வெள்ளியைத் தாண்டாது. அதே 20,000 வெள்ளியைக் கணவரின் இபிஎஃப் கணக்கிலிருந்து கல்விக்காக எடுத்தால் என்ன ஆகும்? 2023இல் இபிஎஃப் வழக்கமான கணக்குக்கு 5.50 விழுக்காடும், 2024இல் 6.30 விழுக்காடும் லாப ஈவு கொடுத்தது. குறைத்து 5.5 என்றே பிடித்தாலும், எடுக்காமல் விட்ட 20,000 வெள்ளி பத்தாண்டில் 34,000 வெள்ளிக்கு மேல் ஆகியிருக்கும். இரண்டாயிரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பதினான்காயிரத்தை விட வேண்டாம். லோரி ஓட்டி முதுகு தேய்ந்தவருக்கு ஓய்வுக் காலத்தில் அந்தப் பணம் ஒன்றுதான் துணை. நகைக்கும் இதே பதில்தான்: அடகுக் கடை வட்டியை மாதக் கணக்கில் போடுகிறது, கல்விக் கடனோ ஆண்டுக் கணக்கில்.

படிப்பு முடிந்து 12 மாதம் கழித்தே தவணை தொடங்கும். முதல் தரத்தில் தேறினால் நிபந்தனைகளோடு விலக்கும் உண்டு; கிடைத்தால் கொண்டாடுங்கள், இப்போதே அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தவணை தொடங்கியபின் ஒரு மாதமும் தவற விடக்கூடாது. கடன் விவரம் வங்கிகள் பார்க்கும் சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவில் ஏறும். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

வங்கியில் உள்ள 22,000 வெள்ளியை மூன்றாகப் பிரியுங்கள். 10,500 வெள்ளி மூன்று மாத வீட்டுச் செலவு. கணவருக்குக் காய்ச்சலோ, லோரிக்குப் பழுதோ வந்தால் தவிர அதைத் தொடக்கூடாது. 5,500 வெள்ளி படிப்புக்கு: மடிக்கணினிக்கு 2,100, கருவிகளுக்கு 400, கடைசி ஆண்டுக் களப்பணிக்கு 3,000. கருவி என்றால் கெட்டியான காலணி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு, நிலவியலாளர் சுத்தியல். தச்சுக்கடைச் சுத்தியலை வாங்கிக் கொடுக்காதீர்கள். பாறையில் அடித்தால் இரும்புச் சில்லு தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். பாறைச் சாய்வை அளக்கும் நல்ல திசைமானி ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். முதலாண்டில் அதை வாங்க வேண்டாம், துறையில் இரவல் கிடைக்குமா என்று கேட்கட்டும். களப்பணிப் பணம்தான் முக்கியம். ஒரு பகுதியைத் தானே நடந்து வரைபடம் தீட்ட வேண்டும். வாடகை வண்டி, தங்குமிடம், கல்லை 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் செலவு எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அங்கே பணம் போதாமல் களத்தில் நாட்களைக் குறைத்தால் ஆய்வேடு நொண்டும்.

மீதி 6,000 வெள்ளி பட்டத்துக்குப் பிந்தைய ஆறு மாதத்துக்கு. மாதம் 600 வெள்ளி என்றால் 3,600. மிச்சம் கார் ஓட்டுநர் உரிமத்துக்கும் தொழில் பதிவுக்கும். உரிமம் இல்லாத நிலவியலாளரைக் களத்துக்கு அனுப்ப நிறுவனங்கள் தயங்கும். அதை இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே எடுத்துவிட்டாலும் நல்லது.

விடுதி கிடைக்காத ஆண்டில் வீட்டிலிருந்தே போகட்டும். செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமேக், அங்கே மாறி யுனிவர்சிட்டி நிலையம், பிறகு பஸ். மை50 அட்டை மாதம் 50 வெள்ளிதான். பிள்ளையின் மேல்படிப்புக்கான 8,000 வெள்ளி வரிக்கழிவைப் பற்றி யாராவது ஆசை காட்டினால், கணவரின் இன்றைய சம்பளத்துக்கு வருமான வரியே வராது என்பதால் அதை விட்டுவிடுங்கள்.

காடு மேடு அலைவது பற்றிக் கேட்டீர்கள். மாணவர்கள் களத்துக்குக் கூட்டமாகத்தான் போகிறார்கள், விரிவுரையாளர்களும் உடன் இருப்பார்கள். தனி ஆய்வுக் காலத்தில் மட்டும் அவள் துணையோடு போவதை உறுதி செய்யுங்கள். விபத்துக் காப்புறுதி ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

கணக்கியலில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் விருப்பமில்லாத பிள்ளைக்கு, அப்பாவின் ஓய்வுப் பணத்தைக் கரைத்து, 60,000 வெள்ளிக்கு வாங்கிக் கொடுக்கும் படிப்பாக அது இருக்கக்கூடாது.

பதிவு நாளுக்கு முன் மகள் பெயரில் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்புக் கணக்கைத் திறந்துவிடுங்கள். அது இல்லாமல் பிடிபிடிஎன் விண்ணப்பம் நகராது. ம.இ.கா.வின் எம்ஐஇடி கல்விக் கடனையும் விசாரித்து வையுங்கள். உபகாரச் சம்பளம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும், பாதியில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பகுதியைப் படிக்காமல் கணவர் கையெழுத்துப் போட வேண்டாம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.