பரேடு என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது?

பரேடு என்பது, பலர் ஒழுங்காக வரிசையில் நின்றோ நடந்தோ பிறர் பார்வைக்குத் தம்மை முன்வைக்கும் நிகழ்ச்சி. தமிழில் அணிவகுப்பு என்கிறோம். ‘ஆயத்தம் செய்’ எனப் பொருள்படும் ‘பராரே’ என்ற லத்தீன் வினையே இதன் வேர். பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. தயார் செய்வதைக் குறிக்கும் ‘பிரிப்பேர்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான்.

குழுப் படம் எடுக்குமுன் உயரம் பார்த்து நிறுத்தி, சட்டைக் கழுத்தைச் சரிசெய்யச் சொல்வோமே, அந்த ஆயத்தமும் காட்சியும் சேர்ந்ததே பரேடு. அதனால்தான் படைவீரர் கூடுவதற்கும், பகட்டாகக் காட்டிக்கொள்வதற்கும், இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் உலாச் சாலைக்கும்கூட (எனக்குப் பிடித்த பொருள் இதுவே) அச்சொல் வழங்குகிறது.

சீராக அடியெடுத்து நடப்பதே பரேடு என்று பலர் எண்ணுகின்றனர். அந்த நடையின் பெயர் ‘மார்ச்’, அசையாமல் நின்று பார்வையிடப்படும் வரிசையும் பரேடுதான்.