பேச இடம் தராட்டி மணியடிக்கப் போங்க

கேள்வி: அக்கா, நான் மட்டக்குளியில இருக்கிறேன். எங்கட பழைய ஸ்கூல்ல தரம் 11 வரைக்கும்தான், அதனால ஏஎல் (உயர்தரம்) கொமர்ஸ் படிக்க பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு பெரிய ஸ்கூலுக்கு வந்திருக்கிறேன். இங்க விவாதக் கழகம், தமிழ் மன்றம், இன்டரக்ட், லியோ, கொமர்ஸ் சொசைட்டின்னு நிறைய இருக்கு. எனக்கு விவாதத்தில சரியான விருப்பம், ஆனா எல்லாப் பொறுப்பும் தரம் 1ல இருந்து இங்க படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் போகுது. அம்மா "இதெல்லாம் கார்ல வந்து போற பிள்ளைகளுக்கு, நீ பஸ்ல வந்து போறவள், பாடத்தைப் பார்"ன்னு சொல்றாங்க. வகுப்பில சில பேர் அஞ்சாறு கிளப்ல பெயர் குடுத்து செர்டிபிகேட் சேர்க்கிறாங்க. நானும் அப்படிச் செய்யணுமா, இல்ல ஒண்டும் வேணாம்னு விடவா?
- தரம் 12 மாணவி

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சேன், அந்த "பஸ்ல வந்து போறவள்"ங்கிற இடம் மனசில தங்கிட்டுது, ஏன்னா நானும் வத்தளையில இருந்து ரெண்டு பஸ் மாறி ஸ்கூலுக்கு வந்து போனவள்தான். அதனால உங்களுக்கு ஒண்டையும் மறைக்காம சொல்றேன்.

அம்மா சொல்றதில ஒரு பக்கம் நூறு வீதம் சரி. கேம்பஸ் போறதுக்கு உங்கட மூணு பாடத்தில வர்ற இசட் ஸ்கோர்தான், அதாவது மத்த பிள்ளைகளோட ஒப்பிட்டுப் போடுற புள்ளிதான் கணக்கு. கொமர்ஸ் பிரிவில 40 வீதம் நாடு முழுக்கவும் திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்ட அடிப்படையில, மிச்சம் 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்குன்னு பிரிப்பாங்க, கொழும்பு மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி லேசில இறங்காது. நீங்க விவாதத்தில தேசிய மட்டத்தில முதலாமிடம் எடுத்தாலும் அந்த ஸ்கோர்ல ஒரு தசமம்கூட ஏறாது. விளையாட்டு, கலை மாதிரி துறைகள்ல தேசிய, சர்வதேச மட்டத்தில சாதிச்ச பிள்ளைகளுக்கு விசேட அனுமதின்னு ஒரு வழி இருக்கு, ஆனா அது மிகச் சில இடங்கள், தரம் 12ல தொடங்கிற ஒருத்தர் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. "இதில சேர்ந்தா கேம்பஸுக்கு நல்லம்"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

செர்டிபிகேட் சேர்க்கிற கதைக்கு வாறேன். நான் வேலை செய்ற இடத்தில ஏஎல் முடிச்ச பிள்ளைகளைப் பயிலுநரா எடுக்க இன்டர்வியூ வைப்போம், நானும் அந்த மேசையில இருந்திருக்கிறேன். ஒரு பிள்ளை தடிச்ச ஃபைல் ஒண்டு கொண்டு வந்தா, ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையிலயும் ஒரு செர்டிபிகேட், எல்லாம் பளபளன்னு. இதில நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன், "மெம்பரா இருந்தேன்"ன்னு சொல்லிட்டு அந்தப் பிள்ளை மேசையைப் பார்த்துட்டு இருந்திச்சு, எனக்கு அண்டைக்கு முழுக்க மனசு சரியில்ல, ஏன்னா பிழை அந்தப் பிள்ளையில இல்ல, பேப்பர் சேர்த்தா போதும்னு சொல்லிக் குடுத்த ஆக்கள்ல. அதே நாள் வந்த இன்னொரு பிள்ளையிட்ட ஒரே ஒரு கடிதம்தான் இருந்திச்சு, ஸ்கூல் கலைவிழாவுக்குக் கணக்குப் பார்த்தவளாம். மண்டபத்துக்கு எவ்வளவு, ஸ்பீக்கர்காரருக்கு அட்வான்ஸ் எவ்வளவு, டிக்கட் எத்தனை திரும்பி வந்திச்சு, கடைசியில ரசீது ஒண்டு காணாமப் போய் அதை எப்படித் தேடிப் பிடிச்சாங்கன்னு மூச்சு விடாமக் கதைச்சா. நீங்க கணக்கீடு படிக்கிற பிள்ளை, இது எப்படிப்பட்ட அனுபவம்னு உங்களுக்கு விளங்கும்.

அதனால அஞ்சாறு வேணாம். ஒண்டு எடுங்க, உங்களுக்கு விவாதம்தான் விருப்பம்னா விவாதத்தையே எடுங்க.

எப்படி உள்ள போறதுங்கிறதுதான் உங்கட உண்மையான கேள்வின்னு நினைக்கிறேன். நான் தரம் 12ல அணித் தெரிவுக்குப் போனப்போ பேசவே விடல, பெயர்ப் பட்டியல் முதல்லயே எழுதி முடிஞ்சிருந்திச்சு, எந்த ஸ்கூல், எந்த மிஸ்ன்னு சொல்லல, ஆனா அண்டைக்கு பஸ்ல அழுதுட்டே வீட்ட போனேன். அடுத்த கிழமை திரும்பப் போய், "மிஸ், நான் நேரம் பார்க்கவா?"ன்னு கேட்டேன். அதுக்கு ஒருத்தரும் போட்டிக்கு வரல. ஒரு பித்தளை மணி, சாமியறையில இருக்கிற மாதிரி சின்னது, நாக்கு கொஞ்சம் தளர்ந்து போய் இருக்கும், அதால சத்தம் வராம விரலால தட்ட வேண்டியும் வரும். ஆளுக்கு 4 நிமிஷம், 3ல ஒரு மணி, 4ல ரெண்டு மணி. ஒரு தவணை முழுக்க அதான் என்ட வேலை.

அந்தக் கதிரையில இருந்துதான் நான் விவாதம் படிச்சேன். "தராசு முள் போல் நடுநிலை தவறாத நடுவர் அவர்களே"ன்னு தொடங்கி அவைக்கும் எதிரணிக்கும் ஒவ்வொரு அடைமொழியா வணக்கம் சொல்லி முடிக்க சில பேருக்கு 40 செக்கன் போயிடும், நான் கொப்பியில குறிச்சு வச்சிருந்தேன். 4 நிமிஷத்தில 40 செக்கன்னா ஆறில ஒரு பங்கு, ஒரு கருத்துக்கான இடம் முழுசாப் போச்சு. முதல் மணி அடிச்ச உடனே சில பேர் பதறிப் போய் வேகமாக் கதைப்பாங்க, சொன்னதையே திரும்பச் சொல்லுவாங்க, நல்லா வாதிடுற ஆக்கள் அந்த நேரம் புதுசா ஒண்டும் தொடங்க மாட்டாங்க, எதிரணி சொன்ன ஒரே ஒரு பொயின்டை எடுத்து அதை உடைச்சிட்டு இருந்திடுவாங்க. அணியில இருந்தவங்களுக்கு இதெல்லாம் தெரிய வரல, அவங்கட கண் அவங்கட குறிப்பில மட்டும்தான். அடுத்த தவணை ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து என்னைப் பேச விட்டாங்க, குரல் நடுங்கிச்சு, நாங்க தோத்துட்டோம், ஆனா அதுக்குப் பிறகு என்னை அணியை விட்டுப் போக விடல.

அதனால நீங்களும் பேச இடம் கேட்காம வேலை கேளுங்க. நேரம் பார்க்கிறது, தலைப்புக்குத் தகவல் தேடிக் குடுக்கிறது, பயிற்சியில எதிரணி ஆள் குறைஞ்சா நிக்கிறது, எல்லாத்துக்கும் ஆள் தேவைப்படும். விவாதக் கழகத்தைப் பார்த்துட்டு மட்டும் இருக்கவும் வேணாம், வருஷா வருஷம் கல்வி அமைச்சு நடத்துற தமிழ்த்தினப் போட்டி இருக்குதானே, ஸ்கூல், கோட்டம், வலயம், மாகாணம்னு தாண்டி தேசிய மட்டம் வரைக்கும் போகும், அதில விவாதமும் இருக்கு, பேச்சும் இருக்கு, கட்டுரையும் இருக்கு. மேடைப் போட்டிக்கு ஆள் முண்டியடிக்கும், எழுத்துப் போட்டிக்கு அவ்வளவு வராது. சுற்றுநிருபம் வந்த உடனே உங்கட தமிழ் டீச்சரிட்ட பெயரைக் குடுங்க, ஸ்கூல் மட்டத் தெரிவு முடிஞ்ச பிறகு போய் நிண்டா அவங்களாலயும் ஒண்டும் செய்ய ஏலாது.

மத்ததுகளைப் பத்தி சுருக்கமா. இன்டரக்டும் லியோவும் சமூக சேவைக் கழகங்கள், இன்டரக்ட் ரோட்டரிக்காரரோட சேர்ந்தது, 12ல இருந்து 18 வயசு வரைக்கும், லியோ லயன்ஸ் கிளப்போட சேர்ந்தது. மத்த ஸ்கூல் பிள்ளைகளோட சேர்ந்து வேலை செய்ற இடம், சிங்களம் கதைக்கக் கூச்சம் இருந்தா அது அங்க போயிடும். ஆனா சேர முதல் ஒண்டைக் கேளுங்க, டீஷேர்ட்டுக்கு எவ்வளவு, டிக்கட் எத்தனை விக்கக் குடுப்பாங்க, விக்காட்டி யார் காசு கட்டுறதுன்னு. கேட்கிறது வெட்கம் இல்ல, அப்பாட சம்பளத்தில இருந்துதானே போகப் போகுது. டியூக் ஒஃப் எடின்பரோ விருதுன்னு இளம் ஆக்களுக்கான ஒரு திட்டமும் இருக்கு, 14ல இருந்து 24 வயசு வரைக்கும், அதை ஏஎல் எழுதிட்டுத் தொடங்கினாலும் பிந்தாது.

இதை வாசிக்கிற டீச்சர்மாருக்கும் ஒரு வார்த்தை. தரம் 12ல புதுசா வர்ற பிள்ளைகளுக்கு ஒரு தரமாவது தெரிவு வைங்க, பட்டியலை முதல்லயே எழுதாதீங்க. ஒரே அஞ்சு பேரை எல்லாத்துக்கும் அனுப்பினா கேடயம் வரும், ஆனா கடைசி வரிசையில இருக்கிற பிள்ளை தனக்குக் குரல் இருக்குன்னே தெரியாம ஸ்கூலை விட்டுப் போயிடும்.

இனி அம்மா. அம்மாட பயம் பாடத்துக்கு மட்டும்னு நினைக்காதீங்க, பின்னேரம் 155 பஸ்ல நெரிசல்ல நீங்க தனிய நிண்டு வர்றதை நினைச்சும்தான் அவங்க வேணாம்னு சொல்றாங்க. அதனால விவாதம் நல்லதுன்னு அம்மாட்ட விவாதிக்க வேணாம். ஒரு கலண்டரை எடுத்துக் கொண்டு போய் பக்கத்தில இருங்க. கிழமைக்கு ஒரு நாள், இந்த நாள், இத்தனை மணிக்கு முடியும், இந்தப் பிள்ளையோட பஸ் ஏறுவேன், இத்தனை மணிக்கு வீட்ட இருப்பேன்னு சொல்லுங்க. தவணைப் பரீட்சைக்கு முந்தின ரெண்டு கிழமையும் போக மாட்டேன்னு அதிலயே கோடு போட்டுக் காட்டுங்க. ஏஎல்லுக்கு ஆறு மாசம் இருக்கிறப்போ முழுசா நிப்பாட்டுவேன்னு ஒரு திகதியும் எழுதுங்க, எழுதினா நிப்பாட்டவும் வேணும், அந்தச் சொல்லை மட்டும் மீறக் கூடாது. புள்ளி இறங்கினா அம்மா கேட்க முதல் நீங்களாப் போய்ச் சொல்லுங்க.

சனி, ஞாயிறு கிளாஸ் வெள்ளவத்தையில இருந்தா ஒரு நாள் அம்மாவையும் கூட்டிட்டு 57ம் ஒழுங்கையில இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போங்க. 1942ல தொடங்கின சங்கம், நூலகம் இருக்கு, பேச்சு, கவியரங்கம்னு ஏதாவது நடக்கிற நாளாப் பார்த்துப் போனீங்கன்னா இன்னும் நல்லம். மேடையில பேசுறதுன்னா அம்மாட மனசில இப்ப கார்ல வர்ற பிள்ளைகள்தான் இருக்கிறாங்க, அங்க சீலை கட்டின, பஸ்ல வந்த ஆக்கள் எழும்பி நிண்டு கதைக்கிறதை அவங்களும் ஒருக்காப் பார்க்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கே போங்க, போகக்குள்ள ஒரு கைக்கடிகாரம் கட்டிட்டுப் போங்க. விலை கூடினது தேவையில்ல, செக்கன் முள் இருந்தா போதும், ஸ்கூலுக்கு போன் கொண்டு போக விட மாட்டாங்கதானே, நேரம் பார்க்கிற ஆள் வேணும்னு மிஸ் கேட்டா நீங்க கையை உயர்த்த ஏலும்.