ஆபீஸ் திறந்தாச்சு, ஆட்கள் தயங்குகிறார்கள்: முதலில் என்ன செய்வது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கும் தம்பி ஒருவர் 2021 ஜூலையில் எழுதியிருந்தார்: "அக்கா, ஜூலை 5-இல் கொரோனா ஊரடங்குத் தளர்வு வந்ததும் ஆபீஸைத் திறந்துவிட்டோம். மொத்தம் 24 பேர். ஆறு பேர் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர், கன்னியக்கோயில் பக்கமிருந்து வருகிறவர்கள். அரசு அறிவிப்பு, தடுப்பூசி முகாம், உதவித் திட்டம் எல்லாவற்றையும் தினமும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன். ஆனாலும் 'எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை' என்கிறார்கள், களத்துக்குப் போகத் தயங்குகிறார்கள். பெரிய நிதியும் கையில் இல்லை. நான் என்னதான் செய்வது?" அப்போது நான் எழுதிய பதில் இது. இதில் வரும் கொரோனா விதிகளும் நிவாரணத் திட்டங்களும் 2021-இல் இருந்தவை, பல இன்றைக்கு இல்லை.

தம்பி, நீங்கள் போடுவது குறைவில்லை, கூடுதல். உங்கள் குரூப்பைத் திறந்து கடைசி ஒரு வாரத்தை மேலே தள்ளிப் பாருங்கள். எட்டுப் பக்க அரசாணை, நேற்றே முடிந்துபோன முகாமின் படம், கபசுரக் குடிநீர் வீடியோ, யாரோ போட்ட காலை வணக்கம், இவற்றுக்கு நடுவில் "புதன் கூட்டம் இல்லை" என்று ஒரு வரி. அதை யார் தேடிப் படிப்பார்கள்?

ஆனால் அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. "ஒன்றும் சொல்லவில்லை" என்று அவர்கள் சொல்வது அரசு அறிவிப்பைப் பற்றி இருக்காது. எனக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளம் உண்டா, இல்லையா? அதைத்தான் கேட்கிறார்கள், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

போன வருஷம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்களால் நம் மாவட்டத்தில் தொற்று ஏறியது நினைவிருக்கும். அதற்கு அடுத்த மாதம் நான் பணியாளர் பொறுப்பில் இருந்த ஒரு நிறுவனத்தில், களப்பணியாளர் ஒருவர் நாலு நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டே மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போய் வந்திருக்கிறார். ஐந்தாவது நாள் படியேறும்போது மூச்சு வாங்கியது, அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஏம்மா சொல்லவில்லை என்றால், "லீவு போட்டா ஒரு நாளைக்கு 350 ரூபா போயிடும்கா" என்றார். அவருக்குச் சம்பளத்தைப் பிடிக்கும் எண்ணம் எங்களில் யாருக்கும் இல்லை. ஆனால் பிடிக்க மாட்டோம் என்று எந்தத் தாளிலும் நாங்கள் எழுதியிருக்கவில்லை. அவர் பிழைத்து வந்தார், அந்த ஆறுதல் போதும் எனக்கு. ஆனால் அந்தக் கூட்டங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் முதல் வேலை, செயலாளர் கையெழுத்தோடு ஒரே பக்கக் கடிதம். காய்ச்சல் என்றால் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் இருக்கலாம், சம்பளம் உண்டு. பாசிட்டிவ் வந்தால் வீட்டுத் தனிமை முடியும்வரை உண்டு (லேசான தொற்றுக்கு அறிகுறி தொடங்கி 10 நாள், கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது மத்திய சுகாதாரத் துறையின் 2021 விதி). வீட்டில் ஒருவருக்கு வந்தாலும் இவர் வர வேண்டாம். பயந்துகொண்டு வருகிறவரைக் களத்துக்கு விரட்ட மாட்டோம், போன் வேலை தருவோம். இவ்வளவுதான் கடிதம்.

பணம்? கணக்குப் போட்டுப் பாருங்கள், பயப்படும் அளவுக்கு வராது. மூன்று மாதத்தில் ஐந்து பேருக்குப் பத்துப் பத்து நாள், நாளுக்கு 400 ரூபாய் என்றால் 20,000. பயிற்சி, பயணம் என்ற தலைப்புகளில் நிதி செலவாகாமல் கிடக்கும், கூட்டமே நடக்கவில்லையே. அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாமா என்று நிதி தருபவருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். எழுத்தில் ஒப்புதல் வராமல் மாற்றிவிடாதீர்கள், ஆடிட்டில் பதில் சொல்ல முடியாது.

வெளிநாட்டு நிதி வாங்குகிற நிறுவனம் என்றால் சம்பளத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது, டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் பணம் வர வேண்டும் என்பதற்கான கெடுவும் 2021 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. இதையெல்லாம் அரைகுறையாகக் கேள்விப்பட்டு, ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று உங்கள் ஆபீஸிலேயே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். செப்டம்பர் வரை சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்றால் செப்டம்பர் வரை இருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு உறுதியில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, குரூப்புக்கு வருவோம். அட்மின் மட்டும் எழுதக்கூடிய தனி குரூப் ஒன்று வையுங்கள். திங்கள் காலை ஒரு தகவல், நடுவில் ஏதாவது மாறினால் மட்டும் இன்னொன்று. முதல் வரியில் தேதி இருக்கட்டும், பழைய செய்தி சுற்றி வந்தாலும் தெரிந்துவிடும். அதையே ஒன்றரை நிமிஷம் உங்கள் குரலில் பேசிப் போடுங்கள், படிப்பதைவிடக் கேட்பவர்கள்தான் அதிகம். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அரசாங்கம் வேறு, உத்தரவு வேறு, முகாம் நாள்கூட வேறு என்பதால் "கடலூர் பக்கம்", "பாண்டி பக்கம்" என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். பாண்டி நிலவரத்தை அந்த ஆறு பேரில் ஒருவரே சரிபார்த்துத் தரட்டும்.

உதவித் திட்டங்களின் லிங்க்கை அனுப்புவதால் யாருக்கும் பணம் வந்ததாக நான் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை கணக்காளரையும் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு, நேரம் கொடுத்து ஒவ்வொருவராக உட்கார வையுங்கள். முதலில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) நாமினேஷன், அதாவது பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் கொடுப்பது. பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் பி.எஃப்.-உடன் சேர்ந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும், 2021 ஏப்ரலில்தான் ஏற்றினார்கள். நாமினி பெயர் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் அலையும் அலைச்சலைச் சொல்லி முடியாது. ஆன்லைனில் நாமினி போட அந்த நாமினியின் போட்டோ, ஆதார் எண், கூடவே உங்கள் பணியாளரின் ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். இங்கேதான் மாட்டும்: அந்த நம்பர் எப்போதோ தொலைந்த சிம்மாக இருக்கும், அல்லது வீட்டுக்காரர் போனாக இருந்து அவர் மீன்பிடிக்கப் போயிருப்பார். பி.எஃப்.-இல் "ஆர். செல்வி", ஆதாரில் "செல்வி ராஜேந்திரன்" என்றும் இருக்கும். திருத்தத்துக்குப் பணியாளர் விண்ணப்பித்ததும், 2021 நடைமுறைப்படி நிறுவனத்தின் லாகினில் நீங்கள் ஒப்புதல் தர வேண்டும், அது கிடப்பில் கிடந்தால் தவறு நம்முடையது.

கொரோனாவுக்கான பி.எஃப். முன்பணத்தை, போன வருஷம் எடுத்தவர்களும் 2021 மே 31 அறிவிப்பின்படி இரண்டாவது முறை எடுக்கலாம் (2024-இல் இந்த முன்பணம் நிறுத்தப்பட்டது). மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது இருப்பில் 75 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. இருப்பு 60,000, மாதம் 9,000 என்றால் 27,000 வரும், திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் யாரையும் எடுக்கச் சொல்லித் தூண்டாதீர்கள், அது வயதான காலத்துக் காசு. கந்துவட்டிக்குப் போக இருந்தவர் எடுக்கட்டும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பவர்களுக்கு, தகுதி இருந்தால், நோய்க்கால விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. கொரோனாவில் இறந்த தொழிலாளியைச் சார்ந்தவர்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் தரும் நிவாரணத் திட்டமும் 2021-இல் வந்தது. நோய் உறுதியாவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும், முந்தைய ஓராண்டில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். கொரோனாவில் அப்பா அம்மா இருவரையும் இழந்த குழந்தைக்குத் தமிழக அரசு 2021-இல் அறிவித்த 5 லட்சம் வைப்புத்தொகைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

தடுப்பூசிக்கு ஒரு நோட்டு போதும். பெயர், முதல் ஊசித் தேதி, அடுத்தது எப்போது: 2021 விதிப்படி கோவிஷீல்டு 84 நாள், கோவாக்சின் 28 நாள். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று ஜூலை 2-இல் அனுமதித்துவிட்டார்கள், பலருக்கு அது போய்ச் சேரவில்லை. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர் இரண்டு வாங்கி, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அளவு 94-க்குக் கீழே போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

மே மாதக் கொரோனா அலையில் வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர் உங்கள் 24 பேரில் நிச்சயம் இருப்பார். அவருக்குக் குரூப்பில் எதுவும் போடாதீர்கள். நீங்களே போன் செய்யுங்கள், வேலையைப் பற்றிப் பேசாமல் முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். 104-இல் மனநல ஆலோசனை கிடைக்கும் என்பதை அடுத்த அழைப்பில் சொன்னால் போதும்.

அப்புறம் ஒன்று. 24 பேர் என்றீர்களே, மாலைப் படிப்பு மையத்தில் மதிப்பூதியத்துக்குப் பாடம் எடுக்கும் பிள்ளைகளும், காலையில் ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவும் அதில் சேர்த்தியா? பி.எஃப்.-உம் இ.எஸ்.ஐ.-யும் இல்லாதவர்கள் அவர்கள்தான். கடிதத்தை எழுதியதும் அந்த அம்மாவிடம் முதலில் படித்துக் காட்டுங்கள். "இது எனக்கும் சேர்த்தா தம்பி?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்கிற மாதிரி எழுதியிருங்கள்.