கேப் டவுனில் 4 நாள்: எந்த நாளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு 4 நாள் கேப் டவுன் போகிறோம். மேசை மலை, கடற்கரை, பெங்குவின், திராட்சைத் தோட்டம் எல்லாம் பார்க்க வேண்டும். எதை எந்த நாளில் வைத்துக்கொள்வது?

பதில்: நாள்வாரியாக இப்போதே எழுதி வைக்காதீர்கள். டிசம்பரில் அங்கே மழை குறைவு. ஆட்டிவைப்பது தென்கிழக்குக் காற்றுதான். அது வலுத்தால் மேசை மலையின் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். போய் இறங்கிய பிறகு, காற்று அடங்கி உச்சி தெளிவாகத் தெரியும் முதல் காலையிலேயே மலைக்குப் போய்விடுங்கள். கடைசி நாளுக்கு ஒத்திவைத்தால் பார்க்காமலே திரும்ப நேரிடலாம்.

காற்று வருவதை மலையே காட்டிக்கொடுக்கும். ஈரக்காற்று மேலேறிக் குளிரும்போது தட்டையான உச்சியில் வெண்மேகம் படரும். மேசைவிரிப்பு என்றே அதற்குப் பெயர். நகரத்தைப் பார்த்த விளிம்பில் பால் பொங்கி வழிவதுபோல் வழிந்து, பாதி இறங்குவதற்குள் கரைந்துவிடும். கீழிருந்து பார்க்கக் கொள்ளை அழகு. மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. உச்சியில் இருக்கும்போது எச்சரிக்கைச் சங்கு (சைரன்) ஊதினால் உடனே கேபிள் கார் நிலையத்துக்குத் திரும்புங்கள், சேவையை நிறுத்தப்போகிறார்கள். நடந்து ஏறுவதானால் பிளாட்டக்லிப் பாதை: 2 முதல் 3 மணி நேரம், செங்குத்தான கல்படிகள். தென்கோளத்தில் வடக்குச் சரிவில்தான் வெயில் அதிகம் விழும், இந்தப் பாதையும் அங்கேதான் இருக்கிறது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரோடு விடியலிலேயே கிளம்புங்கள். தனியாகப் போக வேண்டாம்.

கிளிஃப்டன், கேம்ப்ஸ் பே கடற்கரைகளில் கோடையிலும் தண்ணீர் உறையவைக்கும். தென்கிழக்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அங்கே மணலில் உட்கார்ந்து சூரிய அஸ்தமனம் பாருங்கள். பிள்ளைகள் கடலில் இறங்க மியூசன்பர்க் நல்லது; அது இருக்கும் ஃபால்ஸ் பே விரிகுடாவில் தண்ணீர் அவ்வளவு குளிராது.

நகருக்குத் தெற்கே நீளும் கேப் தீபகற்பத்தைச் சுற்றிவர ஒரு முழு நாள். மியூசன்பர்க், பெங்குவின்கள் வாழும் போல்டர்ஸ் கடற்கரை, தீபகற்ப முனையான கேப் பாயின்ட் என்று தெற்கே போய், திரும்பும்போது சாப்மன்ஸ் பீக் சாலையில் வாருங்கள். அங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் வடக்கு நோக்கி வரும்போது கடல் உங்கள் பக்கமே இருக்கும், எதிர்வரிசையைக் கடக்காமல் காட்சிமுனைகளில் நிறுத்தலாம். 9 கிலோமீட்டரில் 114 வளைவுகள்; சுங்கம் உண்டு. பாறை சரிந்தால் மூடிவிடுவார்கள், காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கேப் பாயின்டில் பபூன் குரங்குகள் வண்டிக்குள்ளேயே புகுந்து தின்பண்டத்தைப் பறிக்கும். கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிவிடுங்கள்.

காற்று வீசும் நாளைத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒதுக்குங்கள். ஸ்டெல்லன்போஷ் சுமார் 50 கிலோமீட்டர், ஃபிரான்ஷ்ஹூக் இன்னும் தள்ளி. அரை நாள்தான் இருக்கிறதென்றால் நகரை ஒட்டிய கான்ஸ்டன்ஷியா போதும். 1685-இல் தொடங்கிய குரூட் கான்ஸ்டன்ஷியா தோட்டம் அங்கேதான். ஒரே நாளில் இரண்டு, மூன்று தோட்டங்களுக்கு மேல் ஒயின் சுவைக்க வேண்டாம், அதற்குப் பிறகு நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்டெல்லன்போஷிலேயே உருவான பினோடாஜ் என்ற திராட்சை வகையின் ஒயினை அவசியம் கேட்டு வாங்குங்கள். ஒயின் சுவைப்பவர் வண்டி ஓட்டக் கூடாது, ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஃபிரான்ஷ்ஹூக்கில் தோட்டம் தோட்டமாக ஏற்றி இறக்கும் ஒயின் டிராம் உண்டு. டிசம்பரில் அதற்கு முன்பதிவு அவசியம்.