மே மாத வெயிலில் தோட்ட விருந்து: எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருச்சியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நண்பர்கள், பிள்ளைகள் என 25 பேருக்கு விருந்து வைக்க இருக்கிறோம். காலை 11 மணிக்கு விளையாட்டு, ஒரு மணிக்குச் சாப்பாடு. புளியோதரை, தயிர் சாதம், தேங்காய்ச் சட்னியுடன் சேவை என்று முடிவு செய்துள்ளோம். எதையாவது மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் நேரத்தை மாற்றுங்கள். அக்கினி நட்சத்திரக் காலத்தில் 11 மணி வெயிலில் பிள்ளைகளை ஓடவிடுவது சரியல்ல. திருச்சியில் அப்போது சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 6.30 மணிக்கு என்பதால், 4.30க்கு அனைவரையும் வரச் சொல்லி, வெளிச்சம் இருக்கும்வரை விளையாடி, ஏழு மணிக்குள் பரிமாறத் தொடங்கலாம். வயிறு நிறைந்தபின் கயிறு இழுக்கும் சங்கடமும் இதனால் நேராது.

உணவில்தான் அதிகக் கவனம் தேவை. சமைத்த பண்டம் சாதாரணமாக இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கலாம் என்றால், வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த அவகாசம் ஒரு மணி நேரமாகக் குறைந்துவிடுகிறது. சோற்றில் இது இன்னும் முக்கியம். பாசில்லஸ் செரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும் சூட்டிலும் பிழைத்திருந்து, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் வேளையில் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே தயிர் சாதத்தைக் காலையிலேயே கலந்து வெளியில் வைக்காதீர்கள். குழைய வடித்த சோற்றை மசித்து, காய்ச்சிய பால் விட்டு, அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி ஆற்றியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, பரிமாறும் நேரத்தில் குளிர்ந்த தயிரைச் சேர்த்துக் கிளறுங்கள்.

புளியோதரையில் புளியும் நல்லெண்ணெயும் ஓரளவு காக்கும் என்றாலும், புளிக்காய்ச்சலை மட்டும் முந்தைய நாளே தயாரித்து, சோற்றை மாலையில் வடித்துக் கலப்பதே நல்லது. இரண்டு சாதங்களுக்குமாக இரண்டரை கிலோ அரிசி போதும். தேங்காய்ச் சட்னியை விட்டுவிடுங்கள். இந்த வெக்கையில் முதலில் ஊசிப்போவது அதுதான். சேவைக்குத் தேங்காய் சேர்க்காமல் எலுமிச்சை பிழிந்து தாளித்து, மோர் மிளகாய், வடகம், ஊறுகாய் ஆகியவற்றைத் துணைக்கு வைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

குடிநீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு வேண்டும். இரண்டு லிட்டர் தயிருக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் நீர்மோர் கலந்தால், ஆளுக்கு இரண்டு குவளை கிடைக்கும். கடையில் வாங்கும் பாளப் பனிக்கட்டியை அதில் உடைத்துப் போடாதீர்கள். உண்ணத்தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. ஆனால் நிறமற்றிருப்பதாலேயே அது குடிக்கத் தகுந்த நீரில் செய்யப்பட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாத்திரத்தைச் சுற்றி அடுக்கிக் குளிரவைக்க அதைப் பயன்படுத்தலாம். நுங்கை அன்று மாலையே வாங்குங்கள்.

இனி விளையாட்டு. சுமார் ஐந்து கிராம் எடையுள்ள இறகுப் பந்தை மாலைக் காற்று இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், கம்பளி நூல் பந்தால் ஆடும் பூப்பந்து தோட்டத்துக்கு ஏற்றது. அதன் முறையான ஆடுகளம் 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்டது. வீட்டில் அவ்வளவு இடம் தேவையில்லை, இரண்டு மரங்களுக்கிடையே ஒரு வலையைக் கட்டினால் போதும். சிறியவர்களுக்குக் கோலமாவால் பாண்டிக் கட்டம் போட்டுவிடலாம். கிட்டிப்புள் எனக்கும் பிடித்த ஆட்டம்தான். ஆனால் 25 பேர் குறுக்கும் நெடுக்கும் நடமாடும் இடத்தில் தெறிக்கும் புள் கண்ணைப் பதம் பார்க்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். அன்று காலை புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், வழுக்கும்.

இருட்டியபின் பெரிய விளக்கை உணவு மேசைக்கு நேர் மேலே தொங்கவிடாமல் சற்றுத் தள்ளி எரியவிடுங்கள். பூச்சிகள் தயிர் சாதத்தில் விழாமல் அந்தப் பக்கம் போய்விடும்.